கார்டி வீட்டு மரமேடைக்கு ஆன செலவு

கார்டி ட்வெய்ட்டின் வீட்டுச் சமையலறையில் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. அதைத் தள்ளித் திறந்தால் நான்கடி கீழே புல்தரை. நடுவில் படி கிடையாது, மேடை கிடையாது, ஒன்றும் கிடையாது. வீட்டைக் கட்டியவன், 'டெக்கை அப்புறம் நீங்களே போட்டுக்கொள்ளலாம்' என்று சொல்லிக் கதவை மட்டும் வைத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். டெக் என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டின் பின்சுவரை ஒட்டித் தூண்களின் மேல் போடுகிற மரமேடை. கோடையில் இறைச்சி சுடுவது, காப்பி குடிப்பது, பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசுவது எல்லாம் அதன்மேல்தான்.

குடிவந்த அன்றே கார்டி அந்தக் கதவுக்கு வெளியே குறுக்கே இரண்டு பலகைகளை வைத்துத் திருகி இறுக்கினான். மகள் பிரிட்டா அப்போது தவழும் குழந்தை.

"ஒரே ஒரு கோடைதான், மார்லிஸ். அடுத்த வருஷம் டெக் போட்டுடலாம்," என்றான் மனைவியிடம்.

அந்தப் பலகைகள் இருபத்தைந்து வருஷம் அங்கேயே இருந்தன.

இதற்காக அவனைக் கேலி செய்ய எங்களுக்கு யோக்கியதை இல்லை. வடக்கு மினசோட்டாவில், எங்கள் ஹால்வர் ஃபால்ஸ் ஊரில், தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இப்படி எங்கேயும் போகாத கதவு ஒன்று இருக்கும். முதல் வருஷம் கார்டி விலை விசாரித்தபோது மூவாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு என்றார்கள். சேர்த்தும் வைத்திருந்தான். ஜனவரியில், மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிற குளிரில், நிலவறையிலிருந்து வீட்டைச் சூடாக்கும் உலை செத்துப்போயிற்று. பணம் அதற்குப் போனது. பிறகு பிரிட்டாவுக்குப் பல் வரிசை கோணி, கம்பி கட்ட வேண்டியிருந்தது. பிறகு ஆலங்கட்டி மழை கூரையைப் பதம் பார்த்தது. மார்லிஸ் மட்டும் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கணக்கு வைத்தாள். விருந்தாளி யாராவது அந்தக் கதவைக் காட்டி, "டெக் எங்கே?" என்று கேட்டால், "பாதி பிரிட்டாவோட வாயில இருக்கு, மீதி கூரை மேல இருக்கு," என்பாள். ஒவ்வொரு தடவை விசாரிக்கும்போதும் விலை ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டு கார்டியைக் குனிந்து பார்த்தது.

கார்டிக்கு மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிற வேலை. ஊர் தூங்கும்போது கிளம்பி, ஊர் விழிப்பதற்குள் சாலையைத் திறந்துவிடுவான். பள்ளத்தில் சறுக்கி விழுந்த கார் கண்ணில் பட்டால் சங்கிலி போட்டு இழுத்து மேலே ஏற்றுவான். அதற்கு அவன் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. காசை விடுங்கள், ஒரு வாய் காப்பி வாங்கிக் குடித்ததில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். நல்ல மனுஷன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருந்து, யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ளாமல் இருப்பதிலும் கொஞ்சம் திமிர் இருக்கிறது. அதை அவனிடம் சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். யாராவது எதையாவது கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால்தான் அவர்கள் மனசாரக் கேட்கிறார்கள் என்று பொருள். அப்போது, "நீங்க இவ்வளவு சொல்றதால..." என்று இழுத்து வாங்கிக்கொள்ளலாம். கடைசித் துண்டு கேக்குக்கும் இதுதான் சட்டம், கடன் கொடுப்பதற்கும் இதுதான் சட்டம். பிறந்ததிலிருந்து இதிலேயே ஊறியவர்களுக்கு இது ஒரு பழக்கம் என்பதே தெரியாது.

போன ஆகஸ்ட் மாதம் மார்லிஸுக்குப் பக்கவாதம் வந்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பெண், ஒரு காலைப்பொழுதில் முட்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போதே கீழே சரிந்தாள். உயிர் பிழைத்தது. பேச்சும் திரும்பிவிட்டது, கொஞ்சம் மெதுவாக. இடது காலும் இடது கையும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாற்பது மைல் தள்ளியிருந்த மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தினமும் வேலை முடிந்ததும் கார்டி அங்கே போய் உட்காருவான். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்.

"சாப்பாடு எப்படி இருக்கு?" என்று கேட்பான்.

"வித்தியாசமா இருக்கு," என்பாள்.

எங்கள் ஊரில் வித்தியாசமாக இருக்கிறது என்றால் வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம். கார்டி தலையாட்டிக்கொள்வான்.

அக்டோபரில் டெசா என்ற இளம் பெண், அங்கே உடற்பயிற்சி கொடுப்பவள், அவனை உட்கார வைத்துப் பேசினாள்.

"மார்லிஸ் நல்லா தேறிட்டாங்க. ஆனா இனிமே சக்கர நாற்காலிதான். வீட்டுக்குள்ள படி ஏறாம போக வழி இருக்கா?"

கார்டி யோசித்தான். எங்கள் ஊர் வீடுகளில் பாதி ஒரே அச்சு. முன்கதவைத் திறந்தால் நின்று திரும்பக்கூட இடமிருக்காது, உடனே வீட்டுக்குள் போக ஏழு படி மேலே, நிலவறைக்கு ஏழு படி கீழே. அந்தப் படிகளில் நாற்காலியை ஏற்ற வழியே இல்லை.

"பின்னாடி ஒரு கதவு இருக்கு," என்றான்.

"நல்லது. அந்தக் கதவுக்கு வெளியே என்ன இருக்கு?"

"காத்து."

டெசா சிரிக்கவில்லை. "நவம்பர் பாதிக்குள்ள ஒரு வழி பண்ணுங்க, கார்டி. அதுக்கு மேல இங்க வெச்சிருக்க எங்களுக்கு அனுமதி இல்ல. வீட்டுக்குப் போக முடியலேன்னா பக்கத்துக் கட்டடத்துக்கு மாத்தணும். வயசானவங்க நிரந்தரமா தங்குற இடம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அங்க போனவங்க அவ்வளவு சுலபமா திரும்பி வர்றதில்ல."

கார்டி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் கணக்குப் போட்டான். கதவு நான்கடி உயரத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை என்றால் ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும் என்று டெசா சொல்லியிருந்தாள். நாற்பத்தெட்டு அடி. மேடையும் வேண்டும், அதைவிட நீளமான பாதையும் வேண்டும். அதோடு ஒரு கெடு. நவம்பர் முடிவதற்குள் எங்கள் மண் கல்லாக உறைந்துவிடும். தூணுக்கு ஐந்தடி ஆழம் குழி தோண்ட வேண்டும். ஆழம் குறைந்தால் உறைந்து உப்பும் மண் தூணைப் பல்லைப் பிடுங்குவதுபோல மேலே தூக்கிவிடும். மண் உறைந்த பிறகு மே மாதம்வரை யாரும் மண்வெட்டியைத் தொட முடியாது. ஊரில் இருந்த மரவேலைக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்தான். எல்லாரும் வசந்தத்தில்தான் வருகிறோம் என்றார்கள்.

மறுநாள் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு பின்முற்றத்தில் நின்றபோது எஃப்ரெய்ன் கான்டூ அந்தப் பக்கமாக வந்தான். டெக்சாஸின் தென்கோடிக்காரன். எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, நாலு வருஷமாக இங்கே மரவேலை செய்கிறான். கார்டி கேட்காமல் விட்ட ஒரே ஆள் அவன்தான். அவன் எப்போதும் வேலையில் இருப்பான் என்று நினைத்திருந்தான்.

"என்ன கார்டி, அளக்கிறீங்க?"

"சும்மாதான். பொழுது போகல."

"மார்லிஸுக்காகவா?" எஃப்ரெய்ன் கதவை அண்ணாந்து பார்த்தான். "நேத்துதான் ஒரு ஆள் தன் வேலைய வசந்தத்துக்குத் தள்ளி வெச்சான். எனக்கு ரெண்டு மூணு வாரம் கை சும்மாதான் இருக்கு. நான் போட்டுத் தரேன்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம். நீங்களே ஓயாம ஓடிட்டிருக்கீங்க."

"சிரமம் என்ன? மரத்துக்கு ஆகுற காசை மட்டும் இப்ப குடுங்க. கூலிய மெதுவா குடுத்தாப் போதும்."

கார்டிக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியிலும் வாய் தன் பாட்டுக்குப் பழக்கத்தைச் செய்தது. "வேணாம் வேணாம். நாங்க எப்படியாவது சமாளிச்சுக்குவோம்."

எஃப்ரெய்ன் தலையாட்டினான். "சரி, உங்க இஷ்டம். மார்லிஸை நான் விசாரிச்சதா சொல்லுங்க."

வண்டியில் ஏறினான். கார்டி நாடாவும் கையுமாக நின்றான். மூன்றாவது தடவை கேட்பதற்காகக் காத்திருந்தான். 'நீங்க இவ்வளவு சொல்றதால' என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. வண்டி தெருமுனையில் திரும்பிப் போயே போய்விட்டது. கேட்க மறந்தது நினைவு வந்து திரும்பி வருவான் என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். சாயங்காலம் தொலைபேசியை மேசைமேல் கண்ணில் படுகிறபடி வைத்துக்கொண்டு சாப்பிட்டான். அது அடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், எஃப்ரெய்னின் வண்டி ஆர்டிஸ் ப்ரெக்கே வீட்டு வாசலில் நிற்கிறது. ஆர்டிஸ் கார்டியோடு பள்ளியில் படித்தவள், வாய்க்காரி, கணவன் போன பிறகு தனியாக இருப்பவள். அவள் வீட்டில் கார் கொட்டகைக்குக் கூரை மாற்றுகிற வேலை. கார்டியின் முகத்தில் ஈயாடவில்லை. சரி, நாமே தோண்டிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தான். அறுபத்துமூன்று வயது. முதல் குழியில் இரண்டடிக்குக் கீழே பூசணிக்காய் அளவுக்கு ஒரு கல் கிடந்தது. அதைப் பெயர்த்தெடுத்தால் அதற்குக் கீழே அதன் தாய் படுத்திருந்தது. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். காலையில் புல்மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது.

அன்றைக்கு மார்லிஸிடம் நடந்ததையெல்லாம் சொன்னான். சொல்ல வேண்டும் என்று போகவில்லை. அவள் அவன் கையிலிருந்த கொப்புளங்களைப் பார்த்துவிட்டாள்.

"ரெண்டு தடவைதான் கேட்டான்," என்றான் கார்டி. "இன்னொரு தடவை கேட்பான்னு பார்த்தேன். ஒருவேளை அவனுக்கு இஷ்டமில்லையோ என்னவோ."

மார்லிஸ் அவனையே பார்த்தாள். "கார்டி, அவன் டெக்சாஸ்காரன்."

"அதனால என்ன?"

"நீ வேணாம்னு சொன்னே. அவன் அதக் காதுல வாங்கிட்டான். அவ்வளவுதான்."

இது கார்டிக்கு அதுவரை தோன்றவே இல்லை. வேண்டாம் என்ற சொல்லை ஒருவன் அப்படியே வேண்டாம் என்று எடுத்துக்கொள்வான் என்பது அவனுக்குப் புதிதாக இருந்தது.

"இப்ப ஆர்டிஸ் வீட்டுல வேலை ஆரம்பிச்சுட்டானே," என்றான். "போய்க் கேட்டா நல்லா இருக்குமா? அவங்களுக்குத் தொந்தரவு. பார்க்கலாம். இங்கயும் நீ பரவாயில்லாமத்தானே இருக்கே?"

மார்லிஸ் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில், எது நடந்தாலும் 'மோசமில்ல' என்றும் 'பரவாயில்ல' என்றும் மட்டுமே சொன்னவள். பிரசவ வலியின்போதுகூடக் கொஞ்சம் அசௌகரியமாக இருக்கிறது என்றுதான் நர்ஸிடம் சொன்னாள்.

"நான் பரவாயில்லாம இல்ல," என்றாள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எனக்கு இந்த இடம் பிடிக்கல. ராத்திரி எல்லாரும் அழறாங்க. அந்தப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பிட்டா நான் செத்துப்போயிடுவேன். என்னைக் கூட்டிட்டுப் போ, கார்டி. என் வீட்டுக்குப் போகணும்."

நல்ல கையால் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கார்டி அவள் கையை விடுவித்து, அதை முத்தமிட்டு, எழுந்து வெளியே வந்தான். வண்டியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதான். அழுததில் அவனுக்கே ஆச்சரியம்.

நேராக ஆர்டிஸ் வீட்டுக்குப் போனான். எஃப்ரெய்ன் கொட்டகைக்கு முன்னால் பலகை அறுத்துக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனுக்கு அறுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு அறுக்கத் தெரியாது என்றாலும். கார்டி வந்து நின்று, குளிர் சீக்கிரம் வந்துவிட்டது என்றான். காற்று வடமேற்கிலிருந்து அடிக்கிறது என்றான். எஃப்ரெய்னின் வண்டி ஒரு கேலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் போகிறது என்று விசாரித்தான். மான் வேட்டை தொடங்கப்போகிறது என்பதையும் தெரிவித்தான்.

எஃப்ரெய்ன் மின்ரம்பத்தை நிறுத்தினான். "கார்டி, உங்களுக்கு என்ன வேணும்?"

எங்கள் ஊரில் ஒரு மனிதனைப் பார்த்து இப்படி நேருக்கு நேர் கேட்பது கன்னத்தில் அறைவதற்குக் கொஞ்சம்தான் குறைச்சல். கார்டி மென்று முழுங்கினான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு உதவி வேணும்," என்றான். காது மடல்வரை சிவந்துவிட்டது. "அன்னிக்கு நீங்க கேட்டப்ப வேணாம்னு சொன்னது தப்பு. எனக்கு டெக் வேணும். சரிவுப்பாதை வேணும். மண்ணு உறையறதுக்குள்ள வேணும். இல்லேன்னா மார்லிஸ் வீட்டுக்கு வர முடியாது. என்னால தனியா முடியல. தயவுபண்ணி செஞ்சு குடுங்க."

எஃப்ரெய்ன் சங்கடத்தோடு ஆர்டிஸைப் பார்த்தான். வேலை அவளுடையது, முன்பணமும் கொடுத்திருக்கிறாள்.

"என்னை எதுக்குப் பார்க்கிறே?" என்றாள் ஆர்டிஸ். "ஓட்டையில தார்ப்பாயைப் போட்டு மூடிட்டு அங்க போ. என் காருக்கு ஒண்ணும் சளி பிடிச்சுடாது."

"ஆர்டிஸ், உனக்குத் தொந்தரவு..." என்று தொடங்கினான் கார்டி.

"வாயை மூடு, கார்டி ட்வெய்ட்!" அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "அந்தப் பெரிய பனிப்புயல் வந்த வருஷம், என் புருஷனுக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறப்ப பள்ளத்துல விழுந்தோம். நீதான் இழுத்து மேல ஏத்தி, முன்னாடி பனி தள்ளிட்டே ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தே. அவர் அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார். ஒரு ரெண்டு பாட்டில் ராஸ்பெரி ஜாம் கொண்டுவந்து குடுத்தேன். வேணாம்னே. மறுபடி குடுத்தேன். வேணாம்னே. மூணாவது தடவை நான் வாயைத் திறக்கறதுக்குள்ள லாரியக் கிளப்பிட்டுப் போயிட்டே! பாட்டிலும் கையுமா நடுரோட்டில நின்னேன். ஒருத்தருக்கும் நன்றி சொல்ல வழிவிடாம ஊர் பூரா கடன்காரங்களா வெச்சிருக்கே நீ. எங்களுக்கு எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது யோசிச்சியா?"

கார்டி யோசித்ததில்லை. அதை ஒப்புக்கொள்கிறமாதிரி தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எஃப்ரெய்ன் ஒரு பலகைத் துண்டின்மேல் பென்சிலால் கணக்குப் போட்டான். நயம் பேசாமல், குறைத்துச் சொல்லாமல், உள்ள விலையைச் சொன்னான். மேடையும் பாதையும் சேர்த்து இருபத்தோராயிரம் டாலர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கேட்ட விலையை நினைத்துக் கார்டிக்குத் தலை சுற்றியது. தன்னிடம் பதினாலாயிரம் இருக்கிறது என்றான். பனியில் ஓட்டுகிற தன் சறுக்குவண்டியை விற்றால் இன்னொரு மூவாயிரம் வரும்.

"குழி தோண்ட, மரம் சுமக்க ஆள் கிடைச்சா மிச்சம் நாலாயிரத்தக் கழிச்சுடுவேன்," என்றான் எஃப்ரெய்ன். "பாதிக்கூலி அதுலதான் போகுது."

"ஆள் என் பொறுப்பு," என்றாள் ஆர்டிஸ். "சனிக்கிழமை கொண்டுவந்து நிறுத்தறேன்."

கார்டியின் வாய் தானாகத் திறந்தது. ஐயோ வேண்டாம், லீவு நாளில் எல்லாருக்கும் எதற்குச் சிரமம் என்ற வாக்கியம் முழுசாக உருண்டு வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. தன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்த விரல்களை நினைத்துக்கொண்டான்.

"வரச் சொல்லு," என்றான். "எட்டு மணிக்கு. நிறையப் பேர் வேணும்."

இதைச் சொல்ல அவன் எவ்வளவு பாடுபட்டான் என்பதைக் கூட நின்று பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் குளிரில் நெற்றி வியர்த்திருந்தது என்று ஆர்டிஸ் இன்றைக்கும் சொல்வாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு என்றால் எங்கள் ஊரில் ஏழே முக்காலுக்கு வந்துவிடுவார்கள். மண்வெட்டி, கடப்பாறை, சொந்தக் கையுறை, கூடவே சூடான சூப்பு என்று தெரு நிறைய வண்டிகள். தேவாலயப் போதகர் பழைய காற்சட்டையில் வந்தார். சாலைத் துறைக்காரர்கள் குழி துளைக்கும் இயந்திரம் ஒன்றை எங்கிருந்தோ வாடகைக்குப் பிடித்து இழுத்து வந்தார்கள். இவர்களெல்லாம் தான் பள்ளத்திலிருந்து இழுத்தவர்கள்போல என்று கார்டி நினைத்துக்கொண்டான். நினைப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அது பத்து மணிவரைக்கும் தாக்குப்பிடித்தது.

பத்து மணிக்குத் தாடி வைத்த இளைஞன் ஒருவன் குழிக்குள்ளிருந்து தலையை நீட்டினான். கார்டிக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "உங்களை நான் எப்போ இழுத்தேன்?" என்று கேட்டான்.

"நீங்க எங்க இழுத்தீங்க? நான் வந்தது மார்லிஸுக்காக," என்றான் அவன். "பள்ளியில சாப்பாட்டுக்கு முன்கூட்டியே காசு கட்டி வைக்கணும், என் கணக்குல எப்பவும் காசு இருக்காது. அப்பாவுக்கு வேலை போயிருந்துச்சு. அவங்க அதக் கண்டுக்கவே மாட்டாங்க. தட்டுல ரெண்டு கரண்டி கூட வெச்சுட்டு, 'இன்னிக்கு மீந்துபோச்சு, நீ சாப்பிடலேன்னா கொட்டத்தான் வேணும்'னு சொல்வாங்க. ஒரு வருஷம் முழுக்க தினமும் மீந்துபோச்சு." அவன் மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டான். "இவனும்தான். அதோ அவளும்தான்."

கார்டி திரும்பிப் பார்த்தான். மண்ணைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அந்த வயசுதான். மார்லிஸ் இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பிள்ளைகளின் கணக்கில் யார் காசு கட்டினார்கள் என்று அவனுக்கு இப்போது புரிந்தது. மேடைக்காகச் சேர்த்த பணம் சில வருஷங்களில் காரணம் தெரியாமல் குறைந்ததும் புரிந்தது. அவள் வேண்டுமென்றே மறைத்தாளா, சொல்ல வேண்டிய விஷயமே இல்லை என்று நினைத்தாளா என்று யோசித்தான். இரண்டாவதுதான் என்று முடிவு செய்தான். அவளைக் கட்டிக்கொண்டதற்கு அந்த இடத்திலேயே, மண் மேட்டில் நின்றுகொண்டு, மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னான்.

அதற்குப் பிறகு கார்டி ஒரு காரியம் செய்தான். ஒவ்வொருவரிடமாகப் போய், கண்ணைப் பார்த்து, நன்றி என்றான். எங்கள் ஆட்களுக்கு இதைத் தாங்குகிற சக்தி கிடையாது. ஒருவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். ஒருவர், "அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்று கையை ஆட்டினார். "ஒண்ணுமில்லாம இல்ல," என்றான் கார்டி. "எனக்கு இது ரொம்பப் பெரிசு." ஆர்டிஸ் இரண்டு பாட்டில் ஜாம் கொண்டுவந்திருந்தாள். அதை நீட்டியதும் வாங்கி, அங்கேயே மூடியைத் திறந்து, ரொட்டியில் தடவித் தின்றான்.

சாயங்காலத்துக்குள் எல்லாக் குழிகளும் ஐந்தடிக்கு இறங்கிவிட்டன. திங்களன்று நகராட்சி ஆய்வாளர் வந்து கோல் விட்டு ஆழம் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு, மிச்சமிருந்த சூப்பையும் ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போனார். கான்கிரீட் ஊற்றி, குளிர் தாக்காமல் போர்வை போட்டு மூடினார்கள். எஃப்ரெய்னும் அவன் ஆட்களும் தூண் நிறுத்தி, உத்தரம் ஏற்றி, பலகை அடித்தார்கள். பாதை முற்றத்தின் ஓரமாக ஓடி, இரண்டு இடத்தில் திரும்பி மேலே ஏறியது. கைப்பிடி அடித்துக்கொண்டிருந்தபோது முதல் பனி விழுந்தது. அடுத்த நாள் மண்வெட்டி மண்ணில் பட்டு ணங் என்று எகிறியது. கடைசியாகக் கதவுக்கு வெளியே இருந்த இரண்டு பலகைகளைக் கார்டியே கழற்றினான். திருகாணிகள் துருப்பிடித்து, ஒன்றுகூட முழுசாக வரவில்லை.

டெசா வந்து நாற்காலியில் தானே உட்கார்ந்து ஏறிப் பார்த்தாள். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க," என்றாள்.

மறுநாள் மதியம், வெயில் இருந்தும் சூடில்லாத நேரத்தில், கார்டி மார்லிஸை வண்டியிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். கால்மேல் கம்பளியைச் சொருகினான். யாரும் வர வேண்டாம், நாங்கள் இரண்டு பேரும் மட்டும் என்று ஊருக்குச் சொல்லியிருந்தான். ஊரும் மரியாதையாகத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தது. பாதையில் இரவு விழுந்த பனியை அவன் விடியற்காலையிலேயே கூட்டித் தள்ளியிருந்தான்.

மெதுவாகத் தள்ளினான். புதுமரத்தின் வாசனை அடித்தது. முதல் திருப்பத்தில் மார்லிஸ் நல்ல கையால் கைப்பிடியைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாள்.

கார்டி தொகையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். தாடிக்காரப் பையனைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தான். ஆர்டிஸ் போட்ட கூச்சலைச் சொல்லலாம் என்றும் நினைத்தான். "உன்கிட்ட ஒண்ணு கேட்கணும், அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க..." என்று ஆரம்பித்தவன் பாதியில் விட்டுவிட்டான். இரண்டாவது திருப்பத்தில் நின்றுவிட்டான். நாற்காலியின் பிடியை விடாமல், தோள் குலுங்க நின்றான்.

மார்லிஸால் திரும்பிப் பார்க்க முடியாது. கழுத்து அவ்வளவு தூரம் திரும்பாது. முன்னால் நாலே எட்டில் அவளுடைய சமையலறை தெரிந்தது, அடுப்பு தெரிந்தது. அவள் அதைப் பார்த்தபடி கையைப் பின்னால் நீட்டி, அவன் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

"அவசரமில்ல, கார்டி," என்றாள். "நான் வீட்டுக்கு வந்துட்டேன். நீ மெதுவா வா."